அயர்லாந்துல ஒரு சினிமா மியூசியம், போலாமா வேண்டாமா?

வெண்ணாத்தங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நீடாமங்கலம் பக்கம். எம் மக அயர்லாந்துல கால்வேங்கற ஊர்ல நர்ஸா இருக்கா, வர்ற ஜூன்ல நானும் வீட்டுக்காரரும் ரெண்டு மாசம் போறோம். குறுவைய கொழுந்தன் பாத்துக்கறேன்னுட்டாரு. விஷயம் என்னன்னா, இவரு எப்பவோ ராத்திரி டிவியில 'தி கொயட் மேன்'னு ஒரு பழைய படம் பாத்துட்டு அதயே சொல்லிட்டு இருப்பாரு, ஜான் வெய்ன் நடிச்சது, 1952ல வந்ததாம். அத எடுத்த காங்குங்கற ஊரு கால்வேக்குப் பக்கந்தானாம், அந்தப் படத்துக்குன்னே ஒரு மியூசியமும் இருக்காம். மாப்ள சிரிக்கறாரு, "அத்தை, அது ஒரு கூரை வீடு, கூரை வீட்ட பாக்க நீடாமங்கலத்துலேந்து ஏரோப்ளேன் ஏறி வரணுமா"ங்கறாரு. யாராச்சும் போயிருக்கீங்களா? நான் படம் பாக்கல, எனக்கு அங்க பொழுது போவுமா? முட்டி வலி வேற, ரொம்ப நடக்க விடுவாங்களா?

திருவையாத்துக்காரன்:
வணக்கம்மா. நான் கால்வேல மூணு வருஷம் வேல பாத்துட்டு இப்ப ஊரோட வந்துட்டேன். அந்த மியூசியத்துக்கு ரெண்டு தடவ போயிருக்கேன், ரெண்டாவது தடவ ஊர்லேந்து வந்த விருந்தாளிக்காக. உங்க மாப்ள சொல்றது பாதி சரி. கூரை வீடுதான், வெள்ளையடிச்ச செவரு, பச்சைக் கதவு. அந்தக் கதவ குறுக்கால ரெண்டா அறுத்த மாதிரி பண்ணிருப்பாங்க, கீழ்ப்பாதிய சாத்திட்டு மேல்பாதிய தொறந்து வச்சுக்கிட்டு ரோட்டுல போறவங்ககிட்ட பேசலாம், கோழி உள்ள வராது. எனக்கு அங்க ரொம்பப் பிடிச்சது அந்தக் கதவுதான். உள்ள கணப்பு, கட்டில், மேசை நாற்காலி, படத்துல போட்ட துணிமணி. ஆனா ஒண்ணு, இத முன்னாடியே தெரிஞ்சிக்கிட்டு போங்க, எல்லாம் படத்த பாத்து பின்னாடி செஞ்சது, ஷூட்டிங்ல இருந்த அசல் சாமான் இல்ல. எனக்கு இத யாரும் சொல்லல, கதாநாயகியோட உடுப்புக்கு முன்னாடி வாயப் பொளந்துட்டு நின்னுட்டு அப்பறம் விவரம் தெரிஞ்சதும் சப்புன்னு போச்சு.

இன்னொரு வேடிக்கை, 1951ல அவங்க காங் ஊர்ல எடுத்தது வெளிப்புறக் காட்சி, வீட்டுக்குள்ள நடக்கறதெல்லாம் ஹாலிவுட் ஸ்டுடியோவுல செட்டு போட்டது. அப்ப இந்த மியூசியம், அந்த செட்ட பாத்து கட்டுன வீடு. படத்துல வெளிய காட்டுன அசல் வீடு மாம்ங்கற ஊருக்குப் பக்கத்துல இடிஞ்சி வெறும் செவரா கெடக்கு. அதனால மியூசியத்த அரைமணில பாத்துட்டு ஊர சுத்துங்க, அங்கதான் விஷயமே. படத்துல சாராயக்கடையா காட்டுனாங்களே, அது அப்ப மளிகைக்கடை, போர்ட மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க. வர்றவங்க எல்லாம் உள்ள போய் பீர் கேட்டுக் கேட்டு கடைசில 2008ல நெசமாவே பப்பா ஆக்கிட்டாங்க. 2013ல ஜான் வெய்ன் கதாநாயகி மௌரீன் ஓஹாராவ தூக்கிட்டு நிக்கற மாதிரி சிலையும் வச்சுட்டாங்க. நடையெல்லாம் கம்மிதான்மா, ஊரே நம்ம சன்னதித் தெரு நீளந்தான். பஸ்ஸ நம்பாதீங்க, மாப்ளைய காரெடுக்கச் சொல்லுங்க, கெளம்பறதுக்கு முன்னாடி தொறந்திருக்கான்னு போன் போட்டு கேட்டுக்குங்க. முக்கியமா போறதுக்கு முந்துன நாள் படத்த பாத்துடுங்க, இல்லன்னா மாப்ள சொன்னதுதான், கூரை வீடு.

கடைமடை:
சினிமா சங்கதி எனக்குத் தெரியாது. பொதுப்பணித்துறையில இருந்து ரிட்டையர்டு ஆனவன், மவன் ஒரு தடவ அங்க கூட்டிட்டுப் போனான், எல்லாரும் அந்தச் சிலைகிட்ட போட்டோ எடுத்துக்கிட்டு நின்னப்ப நான் போய்ப் பாத்தது ஒரு காஞ்ச கால்வாய். காங்குக்கு வடக்க ஒரு ஏரி மாஸ்க், தெக்க ஒரு ஏரி காரிப். 1840கள்ல உருளைக்கெழங்கு பஞ்சம் வந்து சனங்க செத்துக்கிட்டு இருந்தப்ப, கூலி வேலை குடுத்த மாதிரியும் ஆச்சு படகு விட்ட மாதிரியும் ஆச்சுன்னு ரெண்டு ஏரியையும் சேக்க வெட்டுனாங்க. அடியில பூரா சுண்ணாம்புப் பாறை, ஓட்டை ஓட்டையா. தண்ணி நிக்கல. 1854ல விட்டுட்டாங்க. மதகு வைக்க கட்டுன கல்லுக்கட்டு இன்னைக்கும் ஜம்முனு நிக்குது, தண்ணி என்னடான்னா பூமிக்கு அடியால போயி காங் ஊர்ல வந்து பொங்குது. நம்மூர்ல வாய்க்கா காஞ்சா மேட்டூர் தொறக்கலம்பான், தொறந்தா கல்லணைல விடலம்பான். அங்க தலைமாட்டுல ஏரி நெறையத் தண்ணி, யாரத் திட்டுறது? ஜூன்ல போனா காஞ்சிதான் கெடக்கும், பாத்துட்டு வாங்க.

மாயவரத்துப் பொண்ணு:
அக்கா, படத்த பாத்துட்டு போங்க, ஆனா கோவம் வரும், சொல்லிட்டேன். அமெரிக்காவுல பாக்ஸரா இருந்தவன் பொறந்த ஊருக்கு வந்து கல்யாணம் கட்டுறான், பொண்ணோட அண்ணன் 350 பவுண்டு சீதனத்தத் தரமாட்டேங்கறான். இவனுக்கு காசு வேண்டாம், அவளுக்கு வேணும், அது அவளோட சொத்து, அம்மாவோட சாமான். அது வராம நான் இந்த வீட்டுக்கு முழுப் பொண்டாட்டி இல்லங்கறா. சீர்வரிசை பாத்திரத்துல பேர் வெட்டி அடுக்கி வைக்கிற ஊர்ல பொறந்த நமக்கு அவ பேசறது நல்லாவே புரியும். அப்பறம் அவள ரயிலடிலேந்து வயக்காட்டுல தரதரன்னு இழுத்துட்டு வரான், ஊரே கூட வேடிக்க பாத்துக்கிட்டு வருது, ஒரு கெழவி அடிக்கறதுக்குக் குச்சி வேற குடுக்குது. ஜான் ஃபோர்டுக்கு டைரக்ஷனுக்கு நாலாவது ஆஸ்கார் இந்தப் படத்துக்குத்தான், அவரோட அப்பாவுக்கு சொந்த ஊரும் அந்த கால்வே பக்கந்தான். ஊர அழகா எடுத்துருக்காரு, மறுக்கல. அந்தக் குச்சி சீன்ல நான் எழுந்து டீ போடப் போயிட்டேன்.

திண்ணை:
எங்க ஊரு கும்பகோணம் பக்கம். நான் எட்டாவது படிக்கறப்ப எங்க தெருவுல பத்து நாள் ஷூட்டிங், எங்க வீட்டு திண்ணைலதான் கதாநாயகனோட அப்பா ஒக்காந்து வெத்தல போடுவாரு. தூணுக்கு நீலம் அடிச்சாங்க. கேமிரா பாக்குற பக்கம் மட்டும்! உள்பக்கம் பழைய காவி அப்படியே. படம் வந்துச்சு, திண்ணை வர்றது ஒரு பத்து செகண்டு, வெத்தல சீன வெட்டிட்டாங்க. எடுத்தவங்க தரேன்னு சொன்ன வாடகையும் பாதிதான் வந்துச்சு. ஆனா அக்கா கல்யாணத்துக்கு வீடு பூரா பெயின்ட் அடிக்கறப்ப அம்மா அந்தத் தூண மட்டும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. இப்பவும் வெளியூர் சொந்தக்காரங்க வந்தா தூணச் சுத்தி வரச் சொல்லி காட்டுவாங்க, இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் காவி. டிக்கெட் கெடையாது, காப்பி உண்டு.

வெண்ணாத்தங்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி ரெண்டு பேரும் படத்த பாத்தோம். பாத்திரம் விஷயத்துல நான் அந்தப் பொண்ணு பக்கந்தான், இவரு ஒண்ணும் பேசல. கால்வாய் கதைய மாப்ளைகிட்ட சொன்னதும் கார் ரெடின்னுட்டாரு, அவரு சிவில் இன்ஜினியரு. திண்ணை தம்பி, கும்பகோணம் வந்தா உங்க தூணயும் பாக்கணும். கடைசியா ஒண்ணு, ஜூன்ல அங்க ஸ்வெட்டர் தேவப்படுமா?

திருவையாத்துக்காரன்:
தேவப்படும்மா. குடையும் எடுத்துக்குங்க.