புதுப்பிப்பு: குழல்வாய் வழியே வெடிமருந்திடும் ரைஃபிளில் மறுநாளே தோன்றிய துரு

கொதிநீரில் கழுவிய என் 0.50 அங்குல ஹாக்கன் வகை (பழைய அமெரிக்கப் பாணி) ரைஃபிளின் குழலில் மறுநாளே செம்மை படிவதாகவும், முதல் தொப்பி (சுத்தியல் அடித்ததும் வெடித்துத் தீ தரும் சிறு உலோகமூடி) வெடித்தும் வெடிமருந்து பற்றுவதில்லை என்றும் கேட்டிருந்தேன், விடையளித்தோருக்கு நன்றி.

வெதுவெதுப்பான நீரே போதும் என்ற யோசனைதான் பலித்தது. துப்பாக்கி காலியென உறுதிசெய்து, குழலைக் கட்டையோடு பிணைக்கும் ஆப்பைத் தட்டிக் குழலைக் கழற்றி, தொப்பி பொருந்தும் சிறு குழாயான நிப்பிளையும் நீக்கி, அடிமுனையை வாளிநீரில் அமிழ்த்தி, இறுக்கமான துணி சுற்றிய கோலால் நீர் தெளியும்வரை இழுத்துத் தள்ளினேன். பிறகு நன்கு உலர்த்தி எண்ணெயிட்டேன். கொதிநீர் சூடேற்றிய இரும்பில் உடனே துரு பூத்ததே செம்மைக்குக் காரணம்.

எதிர்பாராதது, குழலின் அடியில் உள்ள, அதைவிடக் குறுகிய மருந்தறையில் துணி எட்டாத கரி கெட்டியாக இறுகியிருந்தது, 0.30 அங்குலத் தூரிகையால் அதைச் சுரண்டிய பின் முதல் தொப்பியிலேயே மருந்து பற்றுகிறது.