ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம்

கடலூர் டீச்சர்:

மீத்திறன் மாணவர்களை, அதாவது தனித்திறமை உள்ள பிள்ளைகளை, அடையாளம் காண அவரவர் படைப்புகளைச் சேர்த்து வைக்கும் ஃபைல் உதவுமா? எனக்கு உதவியது, ஆனால் நான் நினைத்த வழியில் இல்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். தாத்தா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். கணக்கில் 41. வகுப்பில் வாயே திறக்க மாட்டான். எல்லோருக்கும் ஆளுக்கொரு ஃபைல் கொடுத்து, "உங்களுக்குப் பிடிச்சதைப் போடுங்க" என்றேன். மற்றவர்கள் சார்ட்டும், முத்து முத்தாக எழுதிய கட்டுரையும் போட்டார்கள். இவன் வெறும் ஃபைலை நீட்டினான். கோபத்தில் அவன் ரஃப் நோட்டைப் பிடுங்கிப் புரட்டினேன்.

கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பதினோரு பக்கத்துக்குக் கட்டம் போட்டிருந்தான். தேதி, காற்று, நிலா, வலையில் விழுந்தது. காற்றுக்குத் தாத்தா சொன்ன பெயர்தான்: வாடை, கொண்டல், கச்சான். பக்கத்தில் அம்புக்குறி. மத்திக்கு 'ம', சங்கராவுக்கு 'ச', எத்தனை கூடை என்று எண். ஒரு ஓரத்தில், "கச்சான் அடிச்சா மறுநாள் ம கம்மி." மூன்று வாரம் கழித்து வேறு பேனாவால் அதைக் குறுக்கே அடித்து, கீழே "தப்பு. நிலாவையும் பாக்கணும்" என்று எழுதியிருந்தான்.

அந்தக் குறுக்குக் கோட்டைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலைப் பற்றி அவன் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியத் தேவையில்லை. தான் சொன்னதைத் தானே சோதித்து, தானே அடித்திருக்கிறான். சராசரிக்கு மேலான திறன், படைப்பாற்றல், எடுத்ததை விடாத பிடிவாதம், இந்த மூன்றும் கூடுகிற இடம்தான் மீத்திறன் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ரென்சுல்லி 1978-ல் எழுதியதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள் நான். மூன்றாவது விஷயத்தை எந்த வினாத்தாளில் பார்ப்பது?

வில்லியனூர் அம்மா:

டீச்சர், உங்கள் பையன் கொடுத்துவைத்தவன். என் மகள் படித்த தனியார் பள்ளியிலும் ஃபைல் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்குத் தெர்மாகோல் வெட்டியது நான், கலர் பிரிண்ட் எடுத்தது அவள் அப்பா. ஸ்பைரல் பைண்டிங் போட்டவருக்கு ஸ்டார். அந்த வருடம் அடையாளம் காணப்பட்ட திறமைசாலி எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்காரர்தான்!

அவள் உண்மையில் செய்தது வேறு. ஒன்பது வயதில் தோழியோடு ரகசியம் பேசச் சொந்தமாக ஒரு எழுத்து உண்டாக்கினாள். 18 மெய்க்கும் ஒவ்வொரு வடிவம், 12 உயிருக்கும் ஒவ்வொரு குறி. "மொத்தம் 216-ஐயும் மனப்பாடம் பண்ண வேணாம்மா, 30 தெரிஞ்சா போதும்" என்றாள். நம் எழுத்தில் கொம்பு முன்னால் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லையாம். தன் எழுத்தில் எல்லாக் குறியையும் வலப்பக்கமே வைத்துவிட்டாள். அதை ஃபைலில் வைத்து அனுப்பினேன். "கிறுக்கல் வேண்டாம், நீட்டாக ஏதாவது வையுங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கடலூர்:

1910-ல் ராமானுஜன் கையில் இருந்ததும் நோட்டுதானே? கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். அந்த நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு வேலை கேட்டுப் போனது திருக்கோவிலூருக்கு. அப்போது அது நம் தென்னாற்காடு மாவட்டம், தலைநகர் கடலூர். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர், நோட்டைப் பார்த்ததும் ஆளைப் புரிந்துகொண்டார். நோட்டு இருந்தால் மட்டும் போதாது, பார்க்கிறவருக்கும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நான் பணியில் இருந்த காலத்தில் எத்தனை ரஃப் நோட்டைப் புரட்டாமலே 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டிருப்பேனோ, அதை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

விருத்தாசலம் ஆசிரியர்:

ஐயா சொல்வது சரி. ஆனால் மூன்று வகுப்பு எடுக்கும் எனக்கு நூறு ஃபைலைப் புரட்ட நேரம் ஏது? 2012-ல் ஆண்டை மூன்று பருவமாகப் பிரித்த முப்பருவ முறை வந்தபோது, பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் என்றார்கள். செயல்பாடு, ப்ராஜெக்ட் எல்லாம் வந்தன. கடைசியில் எல்லோருக்கும் 36, 37 என்று போட்டுவிட்டு ஒப்படைத்தோம். மதிப்பெண் என்று வந்துவிட்டால் ஃபைல் கெட்டுப்போகும் என்பது என் அனுபவம்.

இப்போது என் வகுப்பில் ஃபைலுக்கு மதிப்பெண் கிடையாது. பருவத்துக்கு மூன்றே தாள், தேதியோடு. அதில் ஒன்று கட்டாயம் அடித்துத் திருத்தியதாக இருக்க வேண்டும். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் "இதை ஏன் வைத்தேன்" என்று பிள்ளையே எழுத வேண்டும். எழுத வராத பிள்ளை சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். சந்தேகம் வந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் பெயரை மறைத்துக் காட்டுவேன். பெயர் தெரிந்தால் "அவனா?" என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

கடலூர் டீச்சர்:

பெயரை மறைப்பது நல்ல யோசனை சார், இந்தப் பருவமே செய்கிறேன். வில்லியனூர் அம்மா, அந்தத் தாள் இன்னும் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

என் பையன் இப்போது எட்டாவது. பள்ளி திறந்த அன்றைக்கே, அவன் நோட்டை நான் வைத்திருந்த பீரோ பக்கத்தில் வந்து நின்றான். "டீச்சர், மீன்பிடித் தடை முடிஞ்சு 15-ஆம் தேதியிலேருந்து பெரிய போட்டெல்லாம் கடலுக்குப் போகுது. அவங்க போனா எங்க தாத்தாவுக்குக் குறையுதான்னு எழுதணும். நோட்டைக் குடுங்க." பதினோரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டு, நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டேன்.