குடவோலையை ‘உலகின் முதல் மக்களாட்சி’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

அல்சூர் கோமதி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளைச் சென்ற வாரம் தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசி வளரும் பிள்ளைகள் அவர்கள். பெங்களூரின் நடுவே ஒரு கோயில் கல்லில் பழைய தமிழ் எழுத்துகள் இருப்பதைக் கண்டு, ஒரு சிறுமி விரலால் தடவித் தடவி ‘க’ என்ற எழுத்தைக் கண்டுபிடித்துக் கூவிய குரல் இன்னும் என் காதில் நிற்கிறது.

அந்த ஆர்வம் ஆறுவதற்குள், வரும் மாதக் கண்காட்சியில் அக்கால ஊராட்சியைப் பற்றி ஒரு பலகை வைக்க எண்ணியுள்ளோம். நான் எழுதியிருக்கும் வாசகம் இது: “உத்திரமேரூர்க் குடவோலை: 1,100 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்க் கிராமங்களில் மக்கள் அனைவரும் வாக்களித்துத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தனர். இதுவே உலகின் முதல் மக்களாட்சி.” பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

கே.ஆர்.புரம் மாறன்

கோமதி அம்மா, உங்கள் உழைப்பின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் இந்த வாசகத்தை இப்படியே பலகையில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று 919ஆம் ஆண்டிலும் மற்றொன்று 921ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்டன. அவ்வூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயம். சபையின் வாரியங்களுக்கு வர விரும்புபவருக்குக் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் இருக்க வேண்டும். மந்திரப் பிராமணம் என்ற வேதப் பகுதிகளைக் கற்றிருக்க வேண்டும். இரண்டாம் கல்வெட்டின்படி வயது 35க்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும். அரைக்கால் வேலி மட்டுமே உடையவர் ஒரு வேதமும் ஒரு பாடியமும் (உரைநூலும்) கற்றிருந்தால் ஏற்கப்படுவார். நிலத்தில் விட்டுக்கொடுத்ததை வேதக் கல்வியில் ஈடுகட்டச் சொன்னார்களே தவிர, கதவை வேறு யாருக்கும் திறக்கவில்லை. உழுதவர், நெய்தவர், பெண்கள், சேரியில் இருந்தவர் எவருடைய பெயரும் அந்தக் குடத்துக்குள் போகவில்லை.

மேலும், அங்கே வாக்களிப்பே நடக்கவில்லை. குடத்திலிருந்து ஓலை எடுத்தார்கள். ‘மக்கள் அனைவரும்’, ‘வாக்களித்து’, ‘தமிழ்க் கிராமங்களில்’, ‘உலகின் முதல்’ ஆகிய நான்கு தொடர்களில் ஒன்றுகூடக் கல்வெட்டில் நிற்காது.

ஜாலஹள்ளி வேங்கடேசன்

தம்பி மாறன் சொன்ன தகவல்களில் தவறில்லை. அவற்றிலிருந்து அவர் வந்து சேர்ந்த இடத்தைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை.

அந்தக் கல்வெட்டைப் பொறுமையாகப் படிப்பவர்க்கு உடல் சிலிர்க்கும். ஊரின் 30 குடும்புகளிலும் (வட்டங்களிலும்) தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுகிறார்கள். இளையோரும் முதியோரும் அடங்கிய பேரவை கூடுகிறது. கோயில் பூசகர்களான நம்பிமாருள் மூத்தவர் அந்தக் குடத்தை அனைவரும் காணும்படி தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலைக்கட்டு ஒன்றை எடுக்க, அதை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அந்த ஓலையை வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள்! விரல் இடுக்கில் வேறு ஓலையை மறைத்துவிடக் கூடாதே என்ற கவலை அது. பிறகு அவர் படித்ததையே அங்குள்ள நம்பிமார் அனைவரும் படிக்க வேண்டும்.

பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வர இயலாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லாமல், அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்படுவர். பெங்களூரில் எந்தக் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்தையும் பார்த்தவர்கள் இந்த விதியின் அருமையை உணர்வார்கள்.

பெண்களையும் அடிமைகளையும் விலக்கிய ஏதென்சை உலகமே மக்களாட்சியின் தாயகம் என்கிறது. அங்கும் பல பதவிகளுக்குக் குலுக்கல்தான் வைத்தார்கள். அவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு வேறொரு நியாயமா?

கே.ஆர்.புரம் மாறன்

ஐயா, நியாயமான கேள்வி. நேராகவே விடை சொல்கிறேன். ஏதென்சில் நிலமற்ற கூலிக்காரனான குடிமகனும் பேரவையில் அமர்ந்து கை உயர்த்தினான். உத்திரமேரூரில் நிலமில்லாதவன் வாரியத்துக்கு வர வழியே இல்லை. விலக்கு இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் உள்ளே இருந்தவர் யார் என்பதில் இரண்டும் ஒன்றல்ல. அது போக, ஏதென்சைப் பற்றிச் சொல்லும் எந்த நல்ல பாடமும் அங்கிருந்த அடிமைகளையும் சேர்த்தே சொல்கிறது. நம் பலகையில் அந்தப் பாதி எங்கே?

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில், கோயிலுக்குக் கொடுத்த ஊர்களில் வரி நீங்கிய நிலங்கள் ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தப்படுகின்றன: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி (கைவினைஞர் குடியிருப்பு), பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் ‘தீண்டாச்சேரி’ என்றே வெட்டியிருக்கிறது. எந்த எதிரியும் எழுதிவைத்த பழி அல்ல இது. நில அளவைக் கணக்கில், வாய்க்காலுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே, எந்த உணர்ச்சியும் இல்லாமல் ஓர் எழுத்தர் எழுதிய சொல்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாங்கள் கரூர்ப் பக்கத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் பெங்களூருக்கு வந்த தச்சர் குடும்பம். கரூரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு, அதாவது தச்சர், கொல்லர் முதலிய கைவினைஞருக்கு, அரசன் வழங்கிய சலுகைகள் அதில் உள்ளன. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். அதை முதன்முதலில் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்தவன் தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது. இங்கே என் தாத்தா தன் கையால் பூசி எழுப்பிய சுவர் இன்னும் நிற்கிறது. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு ‘மக்கள் அனைவரும்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மல்லேசுவரம் நளினி

‘கிராமக் குடியரசு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வட இந்தியாவில் ஆட்சி செய்த ஆங்கிலேய அதிகாரி மெட்காஃப் 1830இல் எழுதிய குறிப்பில், இந்தியக் கிராமங்கள் சிறு குடியரசுகள் என்றும், அரசுகள் மாறினாலும் அவை மாறுவதில்லை என்றும் எழுதினார். நிலவரியை யாரிடம் தண்டுவது என்ற வாதத்தின் நடுவே எழுந்த கருத்து அது. பின்னர் விடுதலை இயக்கம் அதைப் பெருமிதமாக ஏற்றுக்கொண்டது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மெட்காஃபின் அந்தக் கருத்தையே எடுத்துக்காட்டி மறுத்து, கிராமத்தை அல்ல, தனிமனிதனை அலகாகக் கொண்டதற்காக வரைவு அரசியலமைப்பைப் பாராட்டினார். ஆக, நாம் இங்கே நடத்தும் வழக்கு புதிதல்ல.

நம் பெங்களூரிலேயே சான்று தேடலாம். காடுகோடியில் 1043ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. இராசராசவேளான் என்ற தலைவர் பட்டந்தூரில் ஏரி வெட்டி, மதகு அமைத்து, துர்க்கைக்கும் கணபதிக்கும் க்ஷேத்திரபாலருக்கும் படிமம் எடுத்ததைச் சொல்கிறது. உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம். இங்கோ ஒரு தலைவரின் கொடை. ஒரே சோழ ஆட்சிக்குள் இரண்டு விதமான ஊர்கள் இருந்தன. ‘தமிழ்க் கிராமங்களில்’ என்ற பொதுச்சொல் இந்த வேறுபாட்டைத் தின்றுவிடுகிறது.

மாறனுக்கும் ஒரு சொல். கல்வெட்டு என்பது கல் வெட்டக் கூலி கொடுக்க முடிந்தவரின் குரல். வெள்ளாளர் முதலானோர் இருந்த ‘ஊர்’ என்ற அவையும், வணிகரின் ‘நகரம்’ என்ற அவையும் எப்படிக் கூடி முடிவெடுத்தன என்பதற்கு உத்திரமேரூர் அளவு விரிவான விதிகள் வெட்டப்படவில்லை. அதனாலேயே அங்கே பேச்சுரிமை இல்லை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது.

ஜாலஹள்ளி வேங்கடேசன்

மாறன் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். சாந்து பூசும் செய்தி என்னையும் தைத்தது. ஆனால் அதே கல்வெட்டை நான் வேறு விதமாகவும் படிக்கிறேன். கம்மாளர் கேட்டார்கள், பெற்றார்கள், பெற்றதைக் கல்லிலும் வெட்டினார்கள். அசையாமல் கிடந்த சமூகத்தில் இது நடக்காது.

1429ஆம் ஆண்டு, விசயநகர ஆட்சிக் காலத்தில், காவிரிக் கரையில், அக்காலச் சாதிகளின் இரு பெரும் அணிகளான வலங்கை 98 சாதியாரும் இடங்கை 98 சாதியாரும் கூடினார்கள். அதிகாரிகளும் நிலக்கிழார்களும் சுமத்திய அநியாய வரிகளைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, எந்த வரியை எவ்வளவு கொடுப்போம் என்பதைக் கோயில் சுவர்களில் வெட்டிவைத்தார்கள். ஒருவரோடொருவர் பகைத்துக்கொண்ட இரு பிரிவினர் அன்று ஒன்றாக நின்றனர். குடவோலையைவிட இதுதான் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

நெல்லைச் சீமையின் மானூரில் ஏறத்தாழ கி.பி. 800இல் வெட்டிய கல்வெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. சபையில் எந்தக் காரியம் வந்தாலும் ‘அன்று, அன்று’ என்று குறுக்கே நிற்பவருக்கு 5 காசு தண்டம் என்கிறது அது. கூட்டத்தில் மறுத்துப் பேசுபவர்கள் இருந்தார்கள் என்பதும், அவர்களை அடக்க விதி வேண்டியிருந்தது என்பதும் அந்த ஒரு வரியில் தெரிகின்றன.

அல்சூர் கோமதி

இத்தனை அக்கறையோடு எழுதிய உங்கள் எல்லோருக்கும் நன்றி. ‘மக்கள் அனைவரும்’, ‘உலகின் முதல்’ இரண்டையும் எடுத்துவிட்டேன். ‘வாக்களித்து’ என்பதும் போய்விட்டது. குடத்தைத் தூக்கிப் பிடிப்பதையும் விரித்த ஐந்து விரலையும் பிள்ளைகளே படமாக வரையப் போகிறார்கள்.

ஒன்றில் மட்டும் மனம் தடுமாறுகிறது. ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லைப் பத்து வயதுப் பிள்ளைகள் படிக்கும் பலகையில் வைக்கலாமா? எங்கள் வகுப்பில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தச் சொல்லின் முன் நின்று ஒரு பிள்ளை மட்டும் தலைகுனிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

ஜாலஹள்ளி வேங்கடேசன்

எனக்கும் அந்த அச்சம்தான். “சபையில் இடம்பெறாதோரும் பலர் இருந்தனர்” என்று எழுதினால் போதும். மற்றதைப் பெரிய வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

கே.ஆர்.புரம் மாறன்

அம்மா, உங்கள் அச்சம் அன்பினால் வருவது, அதை மதிக்கிறேன். என் மகளுக்கும் பத்து வயதுதான். சென்ற ஆண்டு கரூர்க் கல்வெட்டைப் பற்றி அவளிடம் சொன்னபோது அவள் தலைகுனியவில்லை. “பூசக் கூடாதுன்னு சொன்னது யாரு?” என்று கேட்டாள். தலைகுனிய வேண்டியவர் அந்தக் கேள்விக்கு விடையாக வருபவர்தான். ‘இடம்பெறாதோர் பலர்’ என்று எழுதினால், அவர்கள் ஏதோ அன்றைக்கு ஊரில் இல்லாமல் போனதுபோல் ஆகிவிடும்.

அந்தச் சொல்லைத் தனியாக வைக்க வேண்டாம். நத்தம், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு எல்லாம் உள்ள ஓர் ஊரின் வரைபடத்தைப் பிள்ளைகள் வரையட்டும். குடம் இருந்த இடத்தையும் சேரி இருந்த இடத்தையும் அதில் குறிக்கட்டும். வரைபடத்துக்கு வேண்டிய பெரிய அட்டையையும் மரச்சட்டத்தையும் வெள்ளிக்கிழமை மாலை நானே கொண்டுவந்து தருகிறேன்.

அல்சூர் கோமதி

வரைபடம் வைக்கிறோம். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வகுப்பறை திறந்திருக்கும். மகளையும் அழைத்து வாருங்கள். வேங்கடேசன் ஐயா, 1429ஆம் ஆண்டுச் செய்தியைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி பத்து வரியில் நீங்கள் எழுதித் தர வேண்டும்.