வாழாவெட்டி: நேரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

மன்னார்குடிக்காரி:
சித்தி மகள் வளைகாப்பு. விவாகரத்து வழக்குப் போட்டது நான், வேண்டாமென்று வந்ததும் நான், தீர்ப்பும் கைக்கு வந்தாச்சு. நலுங்கு வைக்கச் சந்தனக் கிண்ணத்தில் விரலை வைத்துவிட்டேன். பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, சிரித்த முகம் மாறாமல், "நீ பந்தியப் போய்ப் பாரும்மா, எலை போட்டாச்சு" என்றார். விரலில் இருந்த சந்தனம் புளிசாதக் கரண்டியில் ஒட்டியது. கொல்லைப் பக்கம் யாரோ, "வாழாவெட்டி நலுங்கு வச்சா நல்லாவா இருக்கும்?" புருஷன் விரட்டியவளுக்குத்தானே அந்தப் பேர்? எனக்கு எப்படி? எங்கிருந்துதான் வந்தது இந்தச் சொல்?

கும்பகோணம் வாத்தியார்:
நம் பக்கம் பெண்ணுக்கு 'வாழ்' என்றாலே புருஷன் வீடுதான். வாழ வந்தவள், வாழ்க்கைப்பட்ட ஊர் என்கிறோமே. அங்கே வாழாதவள் வாழாவெட்டி. யார் யாரை விட்டது என்ற கேள்வியே அதில் இல்லை, கோர்ட்டும் இல்லை. தாலி கழுத்தில் கிடக்கப் பிறந்த வீட்டில் காலம் தள்ளுபவளையும் அப்படித்தான் சொல்கிறார்கள். வெட்டி என்பது வெட்டிப்பேச்சில் வரும் வெட்டி என்பது என் கட்சி. ஒரு பையன் பள்ளிப் படிவத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் இந்தச் சொல்லை எழுதிக்கொண்டு வந்தான். பாட்டி சொன்னாளாம். ரப்பர் வைத்துத் தேய்த்ததில் தாளே கிழிந்துவிட்டது.

ஒரத்தநாட்டுப் பேரன்:
வாத்தியார் கட்சி எனக்குச் சரிப்படவில்லை. உறவை வெட்டிக்கொண்டு வந்தவள் என்றுதான் எங்கள் அப்பாயி சொல்லும். அதுவே முதல் புருஷனோடு உறவைத் தீர்த்துவிட்டு வந்ததுதான். உறவு முறிந்தது என்பதற்கு அடையாளமாகப் பஞ்சாயத்தில் துரும்பு கிள்ளிப் போட்டார்கள், அவ்வளவுதான். அப்புறம் தாத்தாவுக்கு அறுத்துக்கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கதை வந்தால் ஒரு வைக்கோலை எடுத்து நகத்தால் கிள்ளிக் காட்டிப் பொக்கை வாயால் சிரிக்கும். அதை யாரும் வாழாவெட்டி என்றதில்லை. மறுபடி கட்டிக்கொண்டவளுக்கு அந்தப் பேர் நிற்காது போல.

வக்கீல் குமாஸ்தா (ஓய்வு):
தம்பி சொன்ன தீர்வு முறையை 1955ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டமும் 29(2)ஆம் பிரிவில் விட்டுவைத்திருக்கிறது. ஆனால் அந்த வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது என்று நிரூபிக்க வேண்டும். பத்திரத்தாளில் எழுதி ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டால் மட்டும் செல்லாது. நிற்க. முதலில் எழுதிய சகோதரிக்கு: தீர்ப்பின் சான்றிட்ட நகல் கூடுதலாக வாங்கி வையுங்கள். ரேஷன் கார்டு, பாஸ்போர்ட்டில் மாற்றுங்கள். வங்கி, பி.எஃப். நாமினியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், பழைய புருஷன் பேர் அப்படியே கிடக்கும். நிரந்தர ஜீவனாம்சம் 25ஆம் பிரிவு, தீர்ப்புக்குப் பிறகும் மனுச் செய்யலாம். நகையைத் திருப்பி வாங்கியிருந்தால் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்று, 'விவாகரத்து' என்ற சொல்லிலேயே விவாகம் வடமொழி, ரத்து அரபியிலிருந்து வந்தது. என் அனுபவம் என்றால், கோர்ட் வராந்தாவில் டவாலி கூப்பிட்டும் ஒரு அம்மாள் எழுந்திருக்கவில்லை. "அவரு பேரோட சேத்துக் கூப்புட்டாங்க, நான்னு தெரியல" என்றார்.

நாகூர்வாசி:
எங்கள் தெருவில் 'தலாக் ஆன பொண்ணு'. பெண்ணே கேட்டு வாங்குவது குலா, அதற்குத் தனிப் பேரே இருக்கிறது. என் அக்கா குலா வாங்கியவள். பெண் பார்க்க வந்த வீட்டார் முன்னால் அவளே "தலாக் இல்லை, குலா" என்று திருத்தினாள். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

மன்னார்குடிக்காரி:
குமாஸ்தா ஐயா, நாமினி அப்போதே மாற்றியாச்சு. நகைப் பட்டியல் நான் கேட்கவே இல்லையே! வாத்தியார் சொன்னது ஒத்துப்போகிறது, பெரியம்மா ஒரு நாளும் 'யார் விட்டது' என்று கேட்டதில்லை. என் பழைய புருஷன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு ஊரில் புதுப் பேர் ஒன்றும் இல்லை. வந்த பெண்ணைத்தான் 'ரெண்டாந்தாரம்' என்கிறார்கள்.