கிசான் தவணை நின்றுவிடும் என்று போன். என்ன செய்வது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலம். நேற்று அப்பா நாற்றங்காலில் நிற்கும்போது போன். ‘வேளாண்மைத் துறையிலிருந்து பேசுகிறோம். வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆப்பைப் போடாவிட்டால் பிஎம் கிசான் 2,000 ரூபாய் வராது’ என்றானாம். பெயர், ஊர் எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். நல்லவேளை, அப்பா கையெல்லாம் சேறு. ‘அப்புறம் பேசு’ என்று வைத்துவிட்டார். அவன் அனுப்பிய ஃபைல் இன்னும் போனில் கிடக்கிறது.

பதில் 1: திறக்காமல் அழித்துவிடுங்கள். அது ஏபிகே ஃபைலாக, அதாவது ஆப்பை நேரடியாகப் போனில் ஏற்றும் ஃபைலாக இருக்கும். இன்ஸ்டால் செய்து அனுமதி கொடுத்தால் ஓடிபி வரும் குறுஞ்செய்தியை அவன் அங்கிருந்தே படிப்பான். இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு) பாக்கி என்றால் பொதுச் சேவை மையத்தில் கைரேகை வைத்தால் போதும். சந்தேகம் இருந்தால் பிஎம் கிசான் உதவி எண் 155261-க்குக் கூப்பிடுங்கள்.

பதில் 2: கும்பகோணம் பக்கம் என் சித்தப்பா திறந்தேவிட்டார். நெல் போட்ட காசு அத்தனையும் போயிற்று. வீட்டில் ஆளாளுக்கு அவரைத் திட்டிவிட்டு மறுநாள்தான் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டோம். முதல் ஒரு மணி நேரத்தில் சொல்லியிருந்தால் பணம் போன கணக்கை முடக்க வழி இருந்திருக்கும். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொண்டிருக்கலாம்.

கேட்டவர்: சரி, அழித்தாயிற்று. ‘என் பேர் அவனுக்கு எப்படித் தெரியும்?’ என்றுதான் அப்பா இன்னும் புலம்புகிறார்.

பதில் 1: பயனாளிகள் பட்டியலை ஊர்வாரியாக இணையத்திலேயே பார்க்கலாம். அவருக்கே காட்டுங்கள்.