புதுப்பிப்பு: பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடைக் கணினி

முன்பு கேட்டது இது: கடைக் கணினி ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது? விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். டாஸ்க் மேனேஜரில் (எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸ் திரை) டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்திலேயே நிற்கிறது.

கணினி தொடங்கும்போதே தானாக ஓடும் ஸ்டார்ட்அப் நிரல்களை நிறுத்தியதில் லேசான மாற்றம்தான். வேண்டாத கோப்புகளை அழிக்கும் டிஸ்க் கிளீனப்பில் தற்காலிகக் கோப்புகள், பழைய அப்டேட் மிச்சம் மட்டும் போனது. பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ இருந்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் பட்டா, ஆதார் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அழிந்தால் ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. சில அண்ணாச்சிமார் சொன்ன ரெஜிஸ்ட்ரி கிளீனர் (விண்டோஸின் அமைப்புப் பதிவுகளை அழிக்கும் நிரல்) வேண்டவே வேண்டாம். வேகம் அதிகரிக்காது, விண்டோஸ்தான் கெடக்கூடும்.

உண்மையான காரணம் டிஸ்க்கேதான். டிஸ்க்கின் நலத்தைச் சோதிக்கும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரல் ‘காஷன்’ (எச்சரிக்கை) காட்டியது. படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு பகுதிகள்) சேர்ந்திருக்கின்றன. இந்த நிலையில் சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் ஓட்டினால் சாகிற டிஸ்க்கை இன்னும் ஓடவிடுகிற வேலை. முதலில் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, பிறகு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) மாட்டி, விண்டோஸைப் புதிதாக நிறுவியாயிற்று. இப்போது டிஸ்க் பயன்பாடு சும்மா இருக்கையில் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது.

ஆடிக் காற்றுத் தூசியை ஊதும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து இன்னொரு 4 ஜிபி ரேம். வாங்குமுன் ரேம் வகை டிடிஆர்3-ஆ, டிடிஆர்4-ஆ என்று பாருங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது.