டாம்பருக்குத் தமிழ்ச்சொல்: அதிர்வுதாங்கியா, அலைவுத் தணிப்பியா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மலைப்பாதை வளைவுகளில் விறுவிறுப்பாக ஓட்டவும் வேண்டும், பின்னிருக்கையில் இருக்கும் குழந்தைகளும் பெரியவர்களும் அலுங்காமல் வரவும் வேண்டும் என்று விரும்புகிறவர் எத்தகைய சஸ்பென்ஷனைத் தேர்ந்தெடுக்கலாம் என்று தமிழில் கட்டுரை எழுதிவரும் நண்பர், டாம்பர் என்ற பாகத்தை (நாம் ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக் என்று சொல்வதை) ‘அதிர்வுதாங்கி’ என்று குறிக்கலாமா எனக் கேட்டிருந்தார். வேண்டாம் என்பதே என் கருத்து. ஷாக் அப்சார்பர் என்ற பெயரை அப்படியே தமிழாக்கியதால் வந்த சொல் அது. அந்தப் பாகம் செய்யாத வேலையை அதன் தலையில் கட்டுகிறது. பெயர் தவறாக இருப்பதால் பணத்தைத் தவறான இடத்தில் செலவழிப்பவர்கள் பலர் உண்டு. அவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் சிறிய காரின் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, உயரம் குறைந்த, விறைப்பு மிகுந்த ஸ்பிரிங்குகளைப் பொருத்தினேன். பழைய ஷாக்குகளே போதும், அவை அதிர்வைத் தாங்கிக்கொள்ளும் என்று பொருத்திய கடையில் சொன்னார்கள். பெயரே அப்படித்தானே இருக்கிறது என்று நானும் நம்பினேன். அந்த வண்டியில் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் முதல் சிலவற்றில் வண்டி சாயாமல் திரும்பியது உண்மைதான். ஆனால் தார் பெயர்ந்த இடங்களில் ஒரு குலுக்கல் அடங்குவதற்குள் அடுத்தது வந்து சேர, வண்டி எந்நேரமும் துள்ளிக்கொண்டே இருந்தது. பாதி மலை ஏறுவதற்குள் மகள் வாந்தி எடுத்துவிட்டாள்; என் தாயார் கைப்பிடியை விடவே இல்லை.

இறங்கி வந்ததும் நாமக்கல்லில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினேன். அவர் பின்பக்க மூலையை ஒருமுறை அழுத்திக் கையை எடுத்தார். வண்டி மூன்று நான்கு முறை மேலும் கீழும் ஆடிய பிறகே நின்றது. பின்பு சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே பின்பக்க ஷாக்கின் கீழ்ப்போல்ட்டைக் கழற்றி, அதைத் தனியே எடுத்துக் காட்டினார். வண்டி ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. “வண்டியத் தாங்குறது ஸ்பிரிங்குதான் சார். ஆட்டத்தக் கொறைக்கிறதுதான் ஷாக்கு,” என்றார். நம் விவாதத்திற்கு வேண்டிய விளக்கம் அந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கிறது.

பள்ளத்தில் சக்கரம் விழும்போது வரும் அடியை அமுங்கி ஏற்றுக்கொள்வது ஸ்பிரிங். ஏற்ற ஆற்றலை அது வைத்துக்கொள்வதில்லை, திருப்பித் தள்ளுகிறது. அந்த மேல்கீழ் ஆட்டத்தின் ஆற்றலை, எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஓர் உந்துதண்டை நகரச் செய்து, எண்ணெயைச் சிறு துளைகள் வழியாகப் பாயவைத்து, வெப்பமாக மாற்றிவிடுவது டாம்பர். கரடுமுரடான சாலையில் நெடுநேரம் ஓடிய வண்டியில் அதன் உடலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். ஆகவே ‘அதிர்வுதாங்கி’ என்ற பெயர் பொருந்துமானால் அது ஸ்பிரிங்குக்குத்தான் பொருந்தும். ஆனால் ஸ்பிரிங்குக்குப் புதுப்பெயர் தேவையில்லை. நம் முன்னோர் கட்டைவண்டியிலிருந்து வேறுபடுத்தி ‘வில்வண்டி’ என்று அழைத்தபோதே அந்த வேலை முடிந்துவிட்டது. தராசில் வைத்தால் இலங்கையில் ‘விற்றராசு’. லாரியின் ‘கமான் பட்டை’யில் உள்ள கமானும் பாரசீகத்தில் வில்தான். சுருளாக இருந்தால் சுருள்வில், பட்டையாக இருந்தால் பட்டைவில், காற்றுப்பையாக இருந்தால் காற்றுவில் என்று எழுதிவிடலாம்.

இனி டாம்பருக்கு வருகிறேன். பெயரின் முற்பகுதி ‘அலைவு’ என்றே இருக்க வேண்டும். ஊசலின் ஆட்டத்தை அலைவு என்றும், அதற்காகும் நேரத்தை அலைவுக்காலம் என்றும், சிறுகச் சிறுக ஓய்கின்ற ஆட்டத்தைத் தடையுறு அலைவு என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகின்றன. பிற்பகுதியில்தான் மூன்று கருத்துகள் வந்திருக்கின்றன. பாடநூலை ஒட்டி ‘அலைவுத் தடை’ என்றார் ஒருவர். தடை என்றதும் மின்தடையும் பிரேக்கும் நினைவுக்கு வருவதால் அதை நான் ஏற்கவில்லை. ‘அலைவடக்கி’ என்பது ஓசையில் அழகானது. எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் ‘அடக்குதல்’ என்பது எழவிடாமல் அமுக்கிவைப்பது. ‘தணித்தல்’ என்பது அளவு குறைப்பது. இந்தப் பாகத்தைப் பொறுத்தவரை அந்த வேறுபாடு சொல்லழகு பற்றியது மட்டுமன்று, நண்பர் எழுதும் கட்டுரையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அலைவு எவ்வளவு தணிக்கப்படுகிறது என்பதைக் குறிக்கத் தணிப்பு விகிதம் என்று ஓர் அளவு உண்டு. அது ஒன்று என்றால், அழுத்திவிட்ட வண்டி ஒருமுறைகூடத் தன் இயல்நிலையைத் தாண்டாமல் வந்து நின்றுவிடும். அலைவு முழுவதும் அடங்கிவிட்டது, ஆனால் அப்படிப்பட்ட வண்டியில் ஒவ்வொரு சிறு பிசிறும் முதுகெலும்பில் தெரியும். அதனால் சொகுசை நாடும் குடும்பக் கார்களில் அந்த விகிதம் ஏறத்தாழ 0.2 முதல் 0.3 வரையும், விறுவிறுப்பாக ஓட்டுவதற்கான கார்களில் அதற்கு மேலும் அமைகிறது. இரண்டும் வேண்டும் என்பவர் இடையில் ஓர் இடத்தைத் தேடுகிறார். அதாவது எவ்வளவு தணிக்க வேண்டும் என்று கேட்கிறார். ‘அடக்கி’ என்று பெயர் வைத்துவிட்டால் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. ஆகவே ‘அலைவுத் தணிப்பி’ என்பதை முன்மொழிகிறேன். இடம் தெளிவாக இருக்கும்போது ‘தணிப்பி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். குறைதணிப்பு, மிகைதணிப்பு என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன. அலைவு தானாக ஓய்ந்தால் தணிந்தது, கருவி ஓயச்செய்தால் தணித்தது என்று தன்வினையும் பிறவினையும் ஒரே வேரிலிருந்து கிடைக்கின்றன.

வில்லின் விறைப்பைக் கூட்டுவதை ஏன் கடைசி வழியாக வைக்க வேண்டும் என்பதையும் கட்டுரையில் எண்ணோடு சொல்வது நல்லது. குடும்பக் கார்களின் உடல் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 முறை அலைகிறது. நம் நடையின் தாளமும் அதற்கு அருகில் இருப்பதால் உடம்புக்கு அது உறுத்துவதில்லை. அந்த இயல் அதிர்வெண்ணை 1.2இலிருந்து 1.7க்கு உயர்த்த வேண்டுமானால் வில்லின் விறைப்பு இரண்டு மடங்காக வேண்டும், ஏனென்றால் விறைப்பு அதிர்வெண்ணின் இருபடியாக ஏறுகிறது. விறைத்த வில் வேகமாகத் திருப்பித் தள்ளும். பழைய தணிப்பி அதற்கு ஈடுகொடுக்காது. கொல்லிமலையில் எனக்கு நடந்தது அதுவே. பின்னர் பழைய வில்களையே திரும்பப் பொருத்தி, தணிப்பிகளை மட்டும் சற்று உறுதியானவையாக மாற்றியபோது வண்டி வளைவில் கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் ஒரே முறை சாய்ந்து அங்கேயே நின்றது. மகளும் உறங்கிக்கொண்டே வந்தாள்.

பின்னிருக்கையைப் பற்றி இன்னொன்று. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த பொறியாளர் மாரிஸ் ஆலி, 1930களில் எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு பெரிய காரை வைத்துச் சோதித்து, பின்வில்லின் அதிர்வெண் முன்வில்லினுடையதைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் பயணம் இதமாகிறது என்று காட்டினார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்னால் தொடங்கும் அலைவு வேகமாக இருந்தால் அது முன்பக்கத்தை எட்டிப்பிடித்துவிடும், வண்டி தொட்டில்போல முன்னும் பின்னும் ஆடாமல் ஒருசேர எழுந்து தாழும். முன்வில்லை மட்டும் விறைப்பானதாக மாற்றுகிறவர்கள் இந்த ஒழுங்கைக் கலைத்துவிடுகிறார்கள்.

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க இடவலச் சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பார் என்பதற்குச் ‘சாய்வுத்தடைத் தண்டு’ என்று எழுதலாம். ‘உருள்தடை’ என்று சிலர் எழுதுகிறார்கள். வண்டி உருள்வதில்லை, சாய்கிறது. வேகத்தடையில் இரண்டு சக்கரங்களும் சேர்ந்தே ஏறுவதால் இந்தத் தண்டு முறுக்கிக்கொள்வதில்லை, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் முறுக்கிக்கொண்டு அடியை மறுபக்கத்திற்கும் கொண்டுபோகும், தலை பக்கவாட்டில் வெட்டும். குழி நிறைந்த சாலைகளில் ஓட்டுகிறவருக்கு அளவான தண்டே நல்லது.

காந்தத்தால் கெட்டிப்படும் பாய்மத்தை உள்ளே நிரப்பிய தணிப்பிகள் 2002இல் காடிலாக் செவில் காரில் வந்தன. நிலைமைக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் அத்தகையவற்றைத் ‘தகவமை தணிப்பி’ என்றால் போதும். வசதி உள்ளவர்களுக்கு, இரண்டு ஆசைகளுக்கும் ஒரே வண்டியில் இடம் தருவது அதுதான்.

சஸ்பென்ஷன் என்ற மொத்த அமைப்பையும் ‘தொங்கல்’ என்று எழுதுவதை நண்பர் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். குதிரைவண்டியின் கூட்டைத் தோல்வார்களில் தொங்கவிட்ட காலத்துப் பெயர் அது. இன்று எதுவும் தொங்கவில்லை. இயந்திர மொழிபெயர்ப்பில் வருகின்ற ‘முன்புற இடைநீக்கம்’ என்பதை நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது. ‘வில்லமைப்பு’ என்பது வில்வண்டியை அறிந்த எவருக்கும் விளங்கும்.

எனக்கு இன்னும் நிறைவு தராத சொல் ஒன்றே. சக்கரம் மேலேறும்போது தரும் தணிப்பை ‘அமுங்குகைத் தணிப்பு’ என்றும், வில் விரியும்போது தருவதை ‘மீள்கைத் தணிப்பு’ என்றும் எழுதிப் பார்த்தேன். சாலையின் அடி நேராக உடலுக்கு ஏறாதிருக்க முன்னது மென்மையாகவும், வில்லின் துள்ளலைப் பிடித்துவைக்கப் பின்னது அதைவிட உறுதியாகவும் வைக்கப்படுவதால், இரண்டையும் வாசகர் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘மீள்கை’ என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது என்று மட்டும் பொருள்படுகிறதே, வில் விரிவது தெரியவில்லையே என்ற ஐயம் இருக்கிறது. ‘விரிகைத் தணிப்பு’ பொருந்துமா என்று இலக்கணமும் பணிமனையும் அறிந்தவர்கள், கட்டுரை அச்சுக்குப் போகுமுன் எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்.